பேங்க் கேட்கலைன்னா ஃப்ளட் இன்சூரன்ஸ் வேண்டாமா?

கேள்வி, மார்ச் 2, 2024

டெக்சாஸ்ல ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டிங்கிற ஊர் பக்கம் வீடு பார்த்து முடிச்சிட்டோம். அடுத்த மாசம் க்ளோசிங், அதாவது கடன் கையெழுத்தாகி வீடு எங்க பேருக்கு வர்ற நாள். வீடு சோன் எக்ஸ்ல, அதாவது அரசு வெள்ள வரைபடத்துல ஆபத்து குறைவுன்னு போட்ட மண்டலத்துல இருக்கு, ஃப்ளட் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லைன்னு லோன் ஆபீசர் சொல்லிட்டார். வரியும் வீட்டு இன்சூரன்சும் சேர்ந்து, மாசத் தவணையோட பிடிக்கிற எஸ்க்ரோ ஏற்கெனவே கழுத்தை நெரிக்குது. பேங்கே கேட்காத ஒண்ணுக்கு நாம எதுக்குக் காசு கட்டணும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

மார்ச் 3, 2024

தம்பி, அனுபவத்துலதான் சொல்றேன். 2014ல நாங்க வீடு வாங்கினப்போ இதே கேள்வியை போன்ல ஒரு ஏஜென்ட்கிட்ட கேட்டேன். "உங்க வீடு எக்ஸ், தேவையே இல்ல, வீண் செலவு"ன்னார். அப்போ வருஷத்துக்கு ஐநூறு டாலருக்குள்ளதான் ஆகியிருக்கும். கேபிள் டிவிக்கு அதைவிட அதிகமாக் கட்டிட்டு இருந்தோம். அவர் சொன்னதைக் கேட்டு விட்டுட்டேன்.

2017 ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை ராத்திரி ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறுச்சு. எங்க பக்கம் மழை பேயாப் பிடிச்சது சனி ராத்திரி. ஞாயிறு விடிகாலை மூணு மணி இருக்கும், தண்ணி குடிக்க எழுந்து போன என் மனைவி ஹால்ல நின்னுக்கிட்டே கூப்பிட்டா. வாசல் வழியா ஒரு சொட்டு வரலை. செவுத்து அடியில ஓடுற பலகை இருக்கே, அந்த பேஸ்போர்டுக்கும் தரைக்கும் நடுவுல சின்னச் சின்னக் குமிழ் விட்டுக்கிட்டு ஊறி வருது, கிணத்துல ஊத்து கசியற மாதிரி. துண்டைப் போட்டு அடைச்சோம். அரை மணி நேரத்துல துண்டு மிதந்துச்சு. ஊர்லேருந்து வந்திருந்த அம்மா அரிசி மூட்டையையும் சாமி படத்தையும் டைனிங் டேபிள் மேல ஏத்திட்டு, பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு மாடிப்படியில உட்கார்ந்துட்டாங்க. விடிஞ்சு ஜன்னல் வழியா பார்த்தா தெரு முழுக்கத் தண்ணி. செவ்வெறும்பெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு, பந்து பந்தா மிதந்து போகுது.

வீட்டுக்குள்ள ஏறினது ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்கு, செவுத்துல நாலடி உயரத்துக்கு ஷீட்ராக் பலகையை வெட்டி எடுத்தோம். உள்ளே இருந்த பஞ்சு, தரைப்பலகை, கிச்சன் கேபினெட், கதவு நிலை எல்லாம் தெருவோரக் குவியலுக்குப் போச்சு. அறுபதாயிரம் டாலருக்கு மேல ஆச்சு. வீட்டு இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வராது. கூரை பிய்ஞ்சு மழை உள்ளே வந்தா அது அவங்க பொறுப்பு. தரையில எழும்பி வர்ற வெள்ளத்துக்கு அவங்க பொறுப்பில்லைன்னு பாலிசியிலேயே எழுதியிருக்கும். எடுத்துப் படிச்சுப் பாருங்க.

மார்ச் 3, ராத்திரி

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. நம்ம ஆளுங்க நிறையப் பேருக்குத் தெரியாதது இது.

அப்போ நாங்க எச்1பி வேலை விசாவுல இருந்தோம். வெள்ளம் வடிஞ்சதும் எல்லாரும் மத்திய அரசோட பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவுல அப்ளை பண்ணுன்னாங்க. ஃபீமா கையில தர்ற உதவிப்பணம் சிட்டிசனுக்கும் கிரீன் கார்டுக்காரங்களுக்கும் சட்டம் சொல்ற வேற சிலருக்கும்தான். எச்1பிக்குக் கிடையாது. எத்தனை வருஷம் வரி கட்டியிருந்தாலும் கிடையாது. இங்கே பிறந்த எங்க பொண்ணு பேருல அப்ளை பண்ணித்தான் கொஞ்சம் வாங்கினோம். அந்த வருஷம் ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பே 33,300 டாலர். எல்லாருக்கும் அவ்வளவு வந்துடாது, எங்களுக்கு அதுல நாலுல ஒரு பங்குகூட வரலை.

ஃப்ளட் இன்சூரன்ஸ்ல விசாவை யாரும் கேட்க மாட்டாங்க. பிரீமியம் கட்டியிருக்கியா, பாலிசி நடப்புல இருக்கா, அவ்வளவுதான். வீட்டுக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கிற சாமானுக்குத் தனியா 1,00,000 டாலர் வரைக்கும் எடுக்கலாம். சாமானுக்குத் தனியாச் சொல்லிக் கேட்டு வாங்கணும், தானா வராது. வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் சாமானுக்கு மட்டும் எடுத்துக்கலாம்.

மார்ச் 5

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், ஹார்வி வந்துட்டுப் போயிடுச்சு, இனி நம்ம காலத்துல வராது"ன்னு கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நூறு வருஷ வெள்ளம்னா ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்துச்சுங்கிறதுக்காக இந்த வருஷம் வாய்ப்பு குறையாது. 30 வருஷ மார்ட்கேஜ் கட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்ற வாய்ப்பு 26 சதவீதம். ஹூஸ்டன்ல 2015 மெமோரியல் டே, 2016 ஏப்ரல் வரி நாள், 2017 ஹார்வின்னு மூணு வருஷம் வரிசையா வந்ததை இங்கே இருக்கிறவங்க மறந்திருக்க மாட்டாங்க.

ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியோட வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் ஹார்விக்கு அப்புறம் எடுத்த கணக்கு இது. தண்ணி புகுந்த வீடு 1,54,170. அதுல 1,05,340 வீடு, நூறு வருஷ வெள்ளம் பரவும்னு வரைபடத்துல கோடு போட்ட வெள்ளச்சமவெளிக்கு வெளியே இருந்தது. நூத்துக்கு 68 வீடு. அதாவது பேங்க் கேட்காத வீடு. மொத்தத்துல 64 சதவீத வீட்டுக்கு இன்சூரன்சே இல்லை. அந்த 64ல நானும் ஒருத்தன்.

வரைபடத்துல கோடு போட்டது எந்த மழையை வெச்சுன்னும் பார்க்கணும். 24 மணி நேரத்துல 13 அங்குலம் பெய்ஞ்சா அது நூறு வருஷ மழைன்னு ஹூஸ்டனுக்குக் கணக்கு வெச்சிருந்தாங்க. 2018 செப்டம்பர்ல நோவாங்கிற மத்திய அரசு வானிலை அமைப்பு புதுக் கணக்கு போட்டு, பல இடத்துக்கு அதை 18 அங்குலம் வரைக்கும் ஏத்திடுச்சு. முன்னாடி நூறு வருஷ மழைன்னு சொன்னதை இப்போ 25 வருஷ மழைன்னு சொல்றாங்க. உங்க லோன் ஆபீசர் பார்த்தது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மட்டும்தான். கடன் கொடுக்கிறவருக்கு அது போதும். குடியிருக்கிறவங்களுக்குப் போதாது.

மார்ச் 9

இன்னிக்கு நிதானமா எழுதறேன், நீளமாப் போகும்.

ஹார்விக்கு அப்புறம் பாலிசி எடுத்தப்போ, இது ஏதோ எனக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம்னுதான் நினைச்சேன். ரிப்பேருக்கு பெர்மிட் வாங்க எங்க ஊர் சிட்டி ஹாலுக்குப் போனேன். சின்ன ஊர். கவுன்டருக்குப் பின்னாடி ஒரு அம்மா. பில்டிங் பெர்மிட்டும் அவங்கதான், வெள்ளச்சமவெளி விதியைப் பார்த்துக்கிற ஃப்ளட்ப்ளெயின் அட்மினிஸ்ட்ரேட்டரும் அவங்கதான். மூணு வாரமாத் தூங்காத கண்ணு. எனக்குப் பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க. அப்பவும் என் வீட்டை வரைபடத்துல தேடி எடுத்து, பென்சிலால சுழிச்சுக் காட்டினாங்க. நான் கேட்காமலே ஒண்ணு சொன்னாங்க: "இந்த ஊர் ஒரு கையெழுத்து போட்டிருக்கு, அதனாலதான் உங்களால பாலிசி வாங்க முடியுது."

நாம வாங்குற பாலிசி மத்திய அரசோட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம், அந்தக் கையெழுத்துதான் அதோட ஆணிவேர். 1965ல பெட்சி புயல் லூசியானாவை அடிச்சப்புறம் பேச்சு ஆரம்பிச்சு, 1968ல சட்டமாச்சு. தனியார் கம்பெனிகள் வெள்ளத்துக்குப் பாலிசி தர மாட்டோம்னு எப்பவோ கழண்டுக்கிட்டதால, மத்திய அரசே இறங்குச்சு. ஆனா சும்மா இறங்கலை. ஊர் கவுன்சில் தீர்மானம் போட்டு, வெள்ளச்சமவெளிக் கட்டட விதியைச் சட்டமாக்கணும். ஃபீமா வரைபடத்தை ஏத்துக்கணும். அந்தச் சமவெளியில மண்ணு கொட்டினாலும் பெர்மிட் இல்லாம கொட்டக்கூடாது. புது வீடுன்னா அடிப்படை வெள்ள மட்டத்துக்கு, அதாவது நூறு வருஷ வெள்ளம் ஏறுற உயரத்துக்கு, குறையாம தரையைத் தூக்கணும். இதையெல்லாம் ஊர் செஞ்சாத்தான் அந்த ஊர் ஜனம் பாலிசி வாங்க முடியும். இப்படி 22,000க்கு மேற்பட்ட ஊர்களும் கவுண்டிகளும் சேர்ந்திருக்கு.

சேரலைன்னா? அந்த ஊர்ல யாருக்கும் இந்தப் பாலிசி கிடையாது. ஆபத்து மண்டலத்துல இருக்கிற வீட்டுக்கு மத்திய அரசு உத்தரவாதம் கொடுக்கிற கடன் கிடையாது. 1972ல ஆக்னஸ் புயல் வந்தப்போ பாலிசி வெச்சிருந்தவங்க ரொம்பக் கொஞ்சம்னு தெரிஞ்சு, 1973ல சட்டத்தை இறுக்கினாங்க. ஆபத்து மண்டல வீட்டுக்குக் கடன் கொடுத்தா பேங்க் பாலிசி கேட்கணும்ங்கிற கட்டாயமும் அப்போ வந்ததுதான்.

சேர்ந்த ஊர் விதியை நடத்தலைன்னா முதல்ல நன்னடத்தைக் கண்காணிப்புல வைப்பாங்க, அப்போ ஊர்ல இருக்கிற ஒவ்வொரு பாலிசிக்கும் 50 டாலர் கூடும். அதுக்கும் மசியலைன்னா ஊரையே திட்டத்துலேருந்து நிறுத்தி வைப்பாங்க. புது வரைபடம் இறுதியானா ஆறு மாசத்துக்குள்ள ஊர் அதைச் சட்டத்துல ஏத்தணும், இல்லைன்னாலும் நிறுத்தம்தான். யாரோ ஒரு பில்டருக்காக கவுன்சில் கண்ணை மூடிக்கிட்டா, அதுக்கு ஊர் முழுக்க இருக்கிறவங்க பதில் சொல்லணும்.

அதனால, தம்பி, வீடு வாங்குறதுக்கு முன்னாடி அரை நாள் லீவு போட்டு அந்தக் கவுன்டருக்குப் போங்க. வீடு ஊர் எல்லைக்குள்ள இல்லைன்னா கவுண்டி ஆபீசுக்குப் போங்க. கேட்டின்னு அட்ரஸ் எழுதற வீடுகள்ல பாதிக்கு மேல கேட்டி நகருக்குள்ளேயே இல்லை.

மார்ச் 10

நேத்து எழுதினதுல கடைசி வரி பத்தி ஒருத்தர் சரியாக் கேட்டிருக்கார். பாதிக்கு மேலன்னு நான் எண்ணிப் பார்க்கலை, வாய்க்கு வந்ததை எழுதிட்டேன். நிறைய வீடுன்னு வெச்சுக்கங்க. உங்க வீடு ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூணுல எந்தக் கவுண்டின்னு வரி பில்லைப் பாருங்க.

இன்னொரு திருத்தம், போன வருஷ இழையில நான் எழுதினது. ஊர் கூடுதலா வேலை செஞ்சா பிரீமியத்துல தள்ளுபடி வரும், 1990லேருந்து இருக்கிற திட்டம். பத்தாம் வகுப்புல ஆரம்பிச்சு ஒவ்வொரு வகுப்பு முன்னேறினாலும் 5 சதவீதம், முதல் வகுப்புக்கு 45 சதவீதம். சோன் எக்ஸ்காரங்களுக்கு இந்தத் தள்ளுபடி இல்லைன்னு எழுதியிருந்தேன். அது பழைய கதை. 2021 அக்டோபர்ல புது விலை முறை வந்தப்புறம் ஊர்ல எந்த மண்டலத்துல இருந்தாலும் தள்ளுபடி உண்டு. இப்போ விலையும் மண்டலத்தை வெச்சு இல்லை. தண்ணிக்கு எவ்வளவு தூரம், முதல் தளம் எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், இதை வெச்சுத்தான். எனக்கு விலை ஏறுச்சு. வழக்கமாக் குடியிருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுங்கிற வரம்பு இருக்கு, அதுவே பெரிய ஆறுதல்.

மார்ச் 17

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. இங்கே குடிவந்தப்புறம் அந்தப் பழமொழியை நான் சொல்றதே இல்லை. வீட்டுத் தரைக்குக் கீழே நிக்கிற வெள்ளத்துல சாணும் முழமும்தான் எல்லாம். ஒரு சாண் 9 அங்குலம். எங்க வீட்டு ஸ்லாப், அதாவது அஸ்திவாரத் தரை, இன்னும் ஒரு சாண் மேல போட்டிருந்தா நான் இந்தக் கதையை எழுதிட்டு இருக்க மாட்டேன். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி அதே தெருவுல அப்புறமாக் கட்டின வீடு, ஸ்லாப் ஒன்றரை முழம் உயரம். ஹார்வியில அவங்க வாசல்ல செருப்புகூட நனையலை.

ஹார்விக்கு முன்னாடி ஹூஸ்டன் நகர விதி என்னன்னா, நூறு வருஷ வெள்ள மட்டத்துக்கு மேல ஒரு அடி. 2018 ஏப்ரல்ல நகர கவுன்சில் அதை மாத்துச்சு. ஐநூறு வருஷ சமவெளிக்குள்ள புதுசாக் கட்டுற வீடும், ஐநூறு வருஷ மட்டத்துக்கு மேல ரெண்டு அடி. ஒரு முழமும் அரை அடியும்! கடும் விவாதம். பில்டர்கள் விலை ஏறும்னாங்க, மேயர் சில்வெஸ்டர் டர்னர் பக்கம் 9 ஓட்டு, எதிர்ப்பு 7. செப்டம்பர் 1லேருந்து அமல். ரெண்டு கவுன்சிலர் மனசு மாறியிருந்தா அது நிறைவேறாமப் போயிருக்கும்.

எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு தீர்மானம் வந்துச்சு. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூணு நிமிஷம். நான் வாழ்க்கையில முதல் தடவையா மைக் முன்னாடி போனேன். பேஸ்போர்டுல குமிழ் விட்டதைச் சொன்னேன், ரெண்டு வீடு தள்ளி நனையாத செருப்பைச் சொன்னேன். கை நடுங்குச்சு. ஹால்ல மொத்தம் பதினாலு பேர், அதுல ஒன்பது பேர் பில்டர் தரப்பு. வெள்ளத்துல போனவங்க நாலு தெருவுல இருக்கோம், வந்தது அஞ்சு பேர். ஓட்டுப் போட முடியாட்டியும் பேசலாம், கிரீன் கார்டு வரலைன்னு யாரும் தடுக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க கோயில் கமிட்டிக்குக் கொடுக்கிற நேரத்துல பத்துல ஒரு பங்கை இதுக்குக் கொடுத்தாலே போதும்.

மார்ச் 18

முடிவு என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கீங்க. ஒரு அடி கேட்டோம், ஒரு அடி கிடைச்சது.

ஏப்ரல் 2

"50 சதவீத விதி"ன்னா என்னன்னு கேட்டிருக்கீங்க. ஆபத்து மண்டலத்துல இருக்கிற வீட்டுக்கு வெள்ளத்தால ஆன சேதத்தைச் சரிபண்ணும் செலவு, மனை விலையைக் கழிச்சு கட்டடத்தோட சந்தை மதிப்புல பாதியைத் தொட்டா, பழையபடி கட்ட பெர்மிட் கிடையாது. இன்னிக்கு விதி சொல்ற உயரத்துக்கு வீட்டைத் தூக்கணும், இல்லை இடிச்சுட்டுக் கட்டணும். கணக்கு போடறது ஊர் ஆபீஸ்.

எங்களுக்குப் பின்தெருவுல ஒரு தாத்தா, தனியா இருக்கார், வீடு ஏஈங்கிற ஆபத்து மண்டலத்துல. அவர் வீட்டுக் கணக்கு பாதியைத் தாண்டிருச்சுன்னு லெட்டர் வந்துச்சு. அவரோட நானும் சிட்டி ஹால் போனேன். கொஞ்சம் குறைச்சு 49ன்னு எழுதிக் கொடுங்கம்மான்னு கெஞ்சினார். அந்த கவுன்டர் அம்மா கண்ணுல தண்ணி. "எழுதிக் கொடுத்தா அடுத்த வெள்ளத்துலயும் நீங்க இதே வீட்டுக்குள்ள இருப்பீங்க"ன்னாங்க. வெள்ளம் போனப்புறம் ஃபீமா வந்து ஊர் ஆபீஸ் ஃபைலைப் புரட்டும், ஒரு வீட்டுக்கு வளைச்சா ஊருக்கே கண்காணிப்பு வரும். அன்னிக்கு எனக்கு அவங்க மேல கோபம் வந்தது நிஜம். இப்போ இல்லை. தாத்தாகிட்ட பாலிசி இருந்ததால, வீட்டைத் தூக்குற செலவுக்குன்னு தனியா 30,000 டாலர் வரைக்கும் கிடைக்கும்னு அவங்களே படிவத்தை எடுத்து நிரப்பிக் கொடுத்தாங்க. மீதிக்கு மகன் உதவினார். இப்போ தாத்தா வீட்டுக்கு ஒன்பது படி ஏறணும். மூட்டுவலி. ஆனாலும் மழை வந்தா அவர் வராந்தாவுலதான் தெருவே கூடுது.

ஏப்ரல் 6

கேட்டி வீடுன்னதால இன்னொண்ணு. ஹூஸ்டனைக் காப்பாத்த ராணுவப் பொறியாளர் பிரிவு 1940கள்ல கட்டினது ஆடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு நீர்த்தேக்கம். சாதாரண நாள்ல அது ஏரி மாதிரியே இருக்காது. ஜார்ஜ் புஷ் பார்க்ல பசங்க சாக்கர் ஆடுறாங்களே, அதுவே பார்க்கர் நீர்த்தேக்கம்தான். அரசு வாங்கி வெச்ச நிலத்தைவிட, நிறைஞ்சா தண்ணி பரவக்கூடிய இடம் பெருசு. மிச்ச இடத்துல தனியார் வீடு கட்டி வித்துட்டாங்க. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில சில மனைப்பிரிவு வரைபடத்துல, இங்கே தண்ணி தேக்கப்படலாம்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. யார் படிச்சா?

2017 ஆகஸ்ட் 28ல மதகைத் திறந்தாங்க, கீழ்ப்பக்கம் நிறைய வீடு மூழ்குச்சு. மேலே தேங்கினதுல அந்தப் பக்க வீடுகளும் மூழ்குச்சு. மேல்பக்க வீட்டுக்காரங்க வழக்குல 2019 டிசம்பர்ல அரசுதான் பொறுப்புன்னு தீர்ப்பாச்சு. இதைப் பார்த்தப்போ எனக்கு 2015 டிசம்பர் 1 செம்பரம்பாக்கம்தான் ஞாபகம் வந்துச்சு. முடிச்சூர்ல எங்க சித்தப்பா மொட்டைமாடியில ரெண்டு நாள் இருந்தார். அவர்கிட்ட போன்ல ஹார்வியைச் சொன்னப்போ கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஏரிக்குள்ளயாடா வீடு வாங்கினே?"

2019 செப்டம்பர் 1லேருந்து டெக்சாஸ்ல வீடு விக்கிறவர் முன்னாடி தண்ணி புகுந்ததா, நீர்த்தேக்கம் பரவுற எல்லைக்குள்ள இருக்கான்னு எழுதிக் கொடுக்கணும். அந்தத் தாளை வாங்கி வரிவரியாப் படிங்க.

ஏப்ரல் 7

"கவர்ன்மென்ட் நினைச்சா எதுவும் மாறாது"ன்னு எழுதினவருக்கு. ஓக்லஹோமாவுல டல்சா. 1984 மெமோரியல் டே வார இறுதியில வெள்ளம், 14 பேர் செத்தாங்க. ஊர் நிர்வாகம் அந்த வருஷமே இறங்கி முன்னூறு வீடு பக்கம் விலைக்கு வாங்கி இடிச்சு, நிலத்தைத் தண்ணிக்கு விட்டுருச்சு. இன்னிக்கு தள்ளுபடித் திட்டத்துல முதல் வகுப்பைத் தொட்ட ஒருசில ஊர்ல அதுவும் ஒண்ணு. அதுக்கு முன்னாடியே அந்த இடத்தைப் பிடிச்ச முதல் ஊர் கலிஃபோர்னியாவுல ரோஸ்வில்.

ஏப்ரல் 14

தம்பி நேத்து தனியா மெசேஜ் பண்ணினார். முப்பது நாள் காத்திருப்பு உண்டாமே, க்ளோசிங் அடுத்த வாரம், இப்போ எடுத்துப் பிரயோஜனம் உண்டான்னு. உண்டு. சும்மா எடுத்தாத்தான் 30 நாள். வீட்டுக் கடனோட சேர்த்து, க்ளோசிங்குக்கு முன்னாடியே விண்ணப்பம் கொடுத்து எடுத்தா அன்னிக்கே நடப்புக்கு வந்துடும், பேங்க் கட்டாயப்படுத்தாட்டியும் சரி. நாளைக்கே ஏஜென்ட்டைக் கூப்பிடுங்க. வேண்டாம்னு சொன்னா வேற ஏஜென்ட். விலை யார்கிட்ட எடுத்தாலும் ஒண்ணுதான், அது அரசு விலை.

ஜூலை 14

ஜூலை 8 பெரில் புயல் வந்துட்டுப் போச்சு. எங்களுக்கு அஞ்சு நாள் கரண்ட் இல்லை, நேத்துதான் வந்துச்சு. தம்பி எழுதியிருக்கார்: வேலி விழுந்துச்சாம், வீட்டுக்குள்ள தண்ணி வரலை. அவர் கவுண்டி ஆபீஸ் போய்க் கேட்டதுல பழைய உயரச் சான்றிதழ் ஃபைல்லயே இருந்திருக்கு, தரை அடிப்படை வெள்ள மட்டத்துக்கு ஒரு முழம் மேல. அதை ஏஜென்ட்டுக்கு அனுப்பினதுல பிரீமியமும் கொஞ்சம் குறைஞ்சுதாம்.

இங்கே அன்னிக்கு விடிகாலை காத்து ஊளையிடுது, இருட்டு. என் மனைவி டார்ச்சை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போய், குனிஞ்சு பேஸ்போர்டைச் சுத்தி சுத்தித் தடவிப் பார்த்தா. காய்ஞ்சுதான் இருந்துச்சு. அப்பவும் விடியற வரைக்கும் அங்கேயே சேர் போட்டு உட்கார்ந்திருந்தா.

எங்க பாலிசி ரெனியூவல் ஆகஸ்ட்ல வருது. உங்களுக்கும் வரும். தேதி தாண்டி 30 நாள் வரைக்கும்தான் அவகாசம், அப்புறம் புதுசா எடுக்கிற கணக்கு, திரும்ப 30 நாள் காத்திருக்கணும். புயல் சீசன் நடுவுல அப்படி மாட்டிக்காதீங்க.